எதிர் வீட்டுக் குட்டியின் கன்னம்

எனக்கு அப்போது எட்டாவது வாரம். அந்தச் செய்தி தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர்தான்: நான், என் கணவர், டாக்டர். மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று நானும் அவரும் பேசி வைத்திருந்தோம். கோயம்புத்தூரில் இருக்கும் என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் அது பொள்ளாச்சியைத் தாண்டியிருக்கும்.

ரகசியத்தைக் காப்பாற்றுவது சுலபமாக இல்லை. சாம்பார் தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறினாலே குளியலறைக்கு ஓடினேன். ஆபீசில் அசிடிட்டி என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். வயிற்றில் தங்கிய ஒரே பொருள் ஸ்ட்ராபெர்ரி. பிப்ரவரி மாதம். நாங்கள் குடியிருந்த மராத்தி ஊரில், மஹாபலேஷ்வர் மலையிலிருந்து வந்து இறங்கிய பழங்களை வீட்டருகே கசார்வாடி சிக்னல் பக்கம் தள்ளுவண்டியில் குவித்து வைத்திருப்பார்கள். அவர் தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு டப்பா வாங்கி வருவார். அதைத் தின்றுதான் நான் உயிரோடு இருந்தேன்.

அந்த டப்பாவில் ஒரு பங்காளி உண்டு. எதிர் வீட்டுக் குட்டி. நாலு வயசு.

அவளுடைய அம்மா பக்கத்தில் கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவராம். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திரும்பி, மராத்தியில் கொண்டுபோய் நிறுத்துவாள். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். கல்யாண சீசன் என்பதால் அந்த மாதம் முழுக்கத் தையல் மெஷின் ஓய்ந்த நேரமே கிடையாது. குட்டிக்குச் சளி பிடித்து மூன்று நாள் நர்சரிக்குப் போகாமல் இருந்தபோது, "அக்கா, தோடா, கொஞ்சம் பாத்துக்கறீங்களா? முகூர்த்தம் தலைமேல நிக்குது" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். எனக்கும் அது பிடித்திருந்தது. தாயாவதற்கு ஒத்திகை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

குட்டிக்கு ஒரு வழக்கம். பழத்தைப் பாதி கடிப்பாள். முகத்தைச் சுளிப்பாள். "ஆண்ட்டி, யே கட்டா ஹை. புளிக்குது. நீ சாப்டு" என்று மீதியை என் வாயில் திணிப்பாள். எனக்கு அப்போது புளிப்புதான் வேண்டியிருந்தது. ஆக, அந்த மூன்று நாளும் அவள் கடித்துப் போட்ட பழங்களை எல்லாம் தின்றவள் நான்தான்.

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் குட்டி கதவைத் தட்டினாள். திறந்தேன். இரண்டு கன்னமும் ரத்தச் சிவப்பு. யாரோ இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

"யாரு கண்ணு உன்னை அடிச்சது?"

அவள் சற்று யோசித்தாள். என் குரலில் இருந்த பதற்றம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

"மம்மி" என்றாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. சாதாரணமாக நான் வாயில்லாப் பூச்சி. ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டால்கூட நன்றி சொல்லிவிட்டு இறங்குகிற ரகம். அன்றைக்குக் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். நேராக எதிர் வீட்டுக்குள் போனேன்.

"குழந்தைய இப்படியா அடிக்கறது? உங்க கோபத்தையெல்லாம் காட்டறதுக்கு இதுதான் கெடச்சுதா?"

தையல் மெஷின் நின்றது. அவள் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு குட்டியின் கன்னத்தைப் பார்த்தாள். ஊசியை எடுத்தாள்.

"அய்யோ! இன்னா ஆச்சி இதுக்கு?"

"என்னைக் கேக்கறீங்களா?"

"அக்கா, நான் கை வெக்கவே இல்லக்கா. கசம். சத்தியமா!" என்றாள். பிறகு அவளுடைய நேர்மை அவளையே மாட்டிவிட்டது. "நான் அடிக்கிற ஆளுதான். பொய் சொல்ல மாட்டேன். பின்னாடி ஒண்ணு வெப்பேன். மூஞ்சில எப்பவும் வெக்க மாட்டேன்."

"அவளே சொல்றா!"

இந்தச் சத்தத்தில் மூன்றாவது மாடியிலிருந்து காக்கு ஏறி வந்துவிட்டார். காக்கு என்றால் மராத்தியில் சித்தி. எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் சித்தி, கட்டிடச் சங்கத்துக்குச் செயலாளர், ரிட்டயரான பள்ளிக்கூட டீச்சர். நான் அரைகுறை இந்தியில் வழக்கை எடுத்துச் சொன்னேன். காக்கு மூக்குக் கண்ணாடியை இறக்கிக் குட்டியின் கன்னத்தை ஆராய்ந்தார். தன் உள்ளங்கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்.

"விரல் எங்கே? அறைந்தால் ஐந்து விரலும் பதியுமே. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் மராத்தியில். சொல்லி முடித்ததும் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இருமிக்கொண்டு கண்ணாடியை மேலே ஏற்றினார்.

அடுத்து சாட்சி விசாரணை. மம்மி எப்போது அடித்தாள் என்று குட்டியைக் கேட்டோம்.

"நாளைக்கு" என்றாள் குட்டி.

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்தான். அவள் தமிழிலும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "பாருங்கக்கா, நாளைக்கி அடிச்சதுக்கு இன்னிக்கே செவந்துடுமா?" என்று அவள் அம்மா கேட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே இப்படி நடந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். பெருமையாக இருந்தது.

என் கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க போயி அவ வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க" என்றேன்.

"நானா? அவரு ஆறடி இருக்காரு" என்றார்.

மறுநாள் மத்தியானம் குட்டியின் அம்மாவே கதவைத் தட்டினாள். கையில் போன். முகத்தில் ஜெயித்த களை. காலையில் குட்டியின் கையிலும் வலை பின்னினாற்போல் சிவப்பாகப் படர்ந்திருக்கிறது. நர்சரியிலும் நாலைந்து பிள்ளைகளுக்கு அதே மாதிரி இருப்பதாகப் பெற்றோர் குரூப்பில் டீச்சர் ஆங்கிலத்தில் செய்தி போட்டிருக்கிறார். அவள் அதை எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாக வாசித்து, கையோடு மொழிபெயர்த்தாள்.

"வைரஸாம் அக்கா. சின்னப் பசங்களுக்கு சகஜமா வர்றதாம். 'ஸ்லாப்டு சீக்'னு பேரு. அறைஞ்ச கன்னம்! பாருங்க, அறைஞ்ச மாதிரி செவக்கும்னு போட்டிருக்கு. மா...திரி!"

அந்த 'மாதிரி'யை அவள் மூன்று தடவை சொன்னாள். எனக்குக் காது சூடேறியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"பசங்களுக்கு ஒண்ணும் ஆவாதாம், தானா போயிடுமாம். ஆனா கர்ப்பமா இருக்கறவங்க யாராச்சும் பக்கத்துல இருந்திருந்தா உடனே டாக்டரைப் பாக்கணுமாம். நல்ல வேளை, நம்ம மாடில அப்டி யாரும்..."

நான் செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அது உட்காருவதற்கான பொருள் இல்லை. ஒரு தட்டு உடைந்து, என் கணவருடைய ஷூ இரண்டும் கீழே விழுந்தன.

அவள் என்னைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"அக்கா? அசிடிட்டின்னு சொன்னீங்களே..."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அய்யோ! சச்சி? நெஜமாவா? எத்தினி மாசம்?" என்று அவள் கத்திய கத்தலில் எங்கள் ரகசியம் நாலாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரைக்கும் படி இறங்கிப் போனது. கீழேயிருந்து காக்குவின் குரல் கேட்டது: "காய் ஜாலா?" என்ன ஆச்சு என்று கேட்டார். இவள் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, என்ன ஆச்சு என்பதை முழுசாகச் சொன்னாள்.

என் கணவருக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தார், எடுக்கவில்லை. "உக்காந்துட்டு இருக்காதீங்க, எழுந்திருங்க" என்றாள் அவள். குட்டியைக் காக்குவிடம் விட்டாள். முந்தின நாள் சாயங்காலம் நான் எந்த வாயால் அவளைத் திட்டினேனோ அந்த வாயைத் திறக்கவே விடாமல், தன் ஸ்கூட்டரின் பின்னால் என்னை ஏற்றினாள்.

பழைய மும்பை சாலையில் அப்படி ஒரு சவாரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பக்கத்தில் நடந்து போனவர்கள் எங்களை முந்திப் போனார்கள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் காலைத் தரையில் ஊன்றி, வண்டியைத் தள்ளியே ஏற்றி இறக்கினாள். யாராவது ஹாரன் அடித்தால் போதும், திரும்பி, "ஏய் பாவ், பேட் மே பச்சா ஹை!" என்று கத்தினாள். வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோக்காரரிடம் கத்தினாள். தண்ணி லாரியிடம் கத்தினாள். மாநகராட்சி பஸ்ஸிடம் கத்தினாள், ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டி என் வயிற்றைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர், "முபாரக் ஹோ பாபி" என்று வாழ்த்தினார். என் அம்மாவுக்கு முன்பாக அவருக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் அம்மா நிதானமானவர். எதைச் சொன்னாலும் முதலில் பேனாவின் மூடியைக் கழற்றுவார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கன்னம் சிவந்தது எந்தக் கிழமை என்றார்.

"நேத்து. நான் முத்தம் வேற குடுத்துட்டேன் டாக்டர்."

"அதைப் பற்றிக் கவலைப்படாதீங்க. சிவப்பு வந்த பிறகு அனேகமாக அது பரவாது. அதற்கு முன்னால், சும்மா சளி என்று நினைக்கிறோமே, அந்த நாட்களில்தான் பரவும். போன வாரம் அந்தக் குழந்தை உங்கள் பக்கம் வந்ததா?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதி கடித்த ஸ்ட்ராபெர்ரி. மூக்கோடு மூக்கு உரசுகிற விளையாட்டு. அவர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர் வீட்டுக்காரிக்கு அது போதவில்லை.

"மேடம், அது மட்டும் இல்ல. அதோட கர்ச்சீஃப்ல அக்கா மூஞ்சி தொடச்சிக்கினாங்க. அது குடிச்ச தூத்... பாலு மிச்சம் வெச்சது, அதையும் அக்காதான்..."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பட்டியலுக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதிக் கோடு போட்டார். எட்டிப் பார்த்தேன். 'எல்லாம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

பிறகு பொறுமையாக விளக்கினார். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ரத்தம் குறைந்துபோகலாம். கரு கலைவதும் உண்டு. அதனால் கவனிக்காமல் விடக் கூடாது. எனக்குச் சின்ன வயதில் இதே வைரஸ் வந்து போயிருந்தால் உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கும், பயமில்லை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். "சின்ன வயசில் இப்படிக் கன்னம் சிவந்ததா உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ரத்தம் எடுத்த பெண், இந்தச் சோதனை இங்கே செய்வதில்லை, மும்பைக்கு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை ஆகும் என்றாள்.

வெளியே வந்தபோது எதிர் வீட்டுக்காரி ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என் புள்ளயாலதானே அக்கா" என்றாள். திரும்பும் வழியில் யாரிடமும் கத்தவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. கீழ்ப்பக்கத்தில், உள்ளங்கையால், நாலு தட்டு. குட்டிதான். இனி பரவாது என்று டாக்டர் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தார். இருந்தும் நான் எழுந்திருக்கவில்லை. கை வயிற்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. "ஆண்ட்டி, மை ஆயி" என்று தான் வந்திருப்பதைச் சொல்லும் குரல் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நாலு வயசுக் குழந்தைக்குப் பயந்து. கொஞ்ச நேரம் கழித்துக் கால் சத்தம் போய்விட்டது. நேற்று இவளுக்காக ஊரையே இரண்டாக்கியவள் நான். அழுகை வந்தது. என் கணவர் வந்து என்ன என்று கேட்டபோது, உடைந்த செருப்பு ஸ்டாண்டைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் செய்தியைச் சொன்னதுமே அம்மா, "அட என்ற சாமி!" என்று அப்பாவைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு, மறுபடியும் போனுக்கு வர ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் பொள்ளாச்சி தாண்டியிருக்கும்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணும். சின்னப்புள்ளைல எனக்கு எப்பவாச்சும் கன்னம் ரெண்டும் செவந்து போச்சா? அறைஞ்ச மாதிரி?"

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப" என்றாள் அம்மா மெதுவாக. "அது டிரில் வாத்தியார் அடிச்சதாச்சே கண்ணு."

"எந்த டிரில் வாத்தியார்?"

"மறந்துபோட்டியா? உங்கப்பா பள்ளிக்கூடத்துக்கே போயி அவரு சட்டயப் புடிச்சுப்போட்டாரு. அந்த மனுசன் அடிக்கவே இல்லீங்னு சத்தியம் பண்ணுனாரு. ஆரு நம்பறது? அப்பறம் அவரு நம்ம வீதிப் பக்கமே வர்றதில்ல."

"அவரு அடிச்சாருன்னு யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன."

எனக்கு அந்த வாத்தியாரின் முகம்கூட நினைவில்லை. போனில் அப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது: "என்னவாம்?" அம்மா விவரம் சொன்னாள். "அந்த வாத்தியாரு இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார் அப்பா.

திங்கட்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் போனில் வந்தது. என் கணவர் மீட்டிங் இருந்தும் சீக்கிரமே வந்திருந்தார். எதிர் வீட்டுக்காரியும் காக்குவும் கூப்பிடாமலே வந்திருந்தார்கள். நான் திறந்தேன். முதல் வரியில் 'பாசிட்டிவ்' என்று இருந்தது. எதிர் வீட்டுக்காரி அதை என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "தேவா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். காக்கு சுவரைப் பிடித்துக்கொண்டார். என் கணவர்தான் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"முதல் வரி பாசிட்டிவ், இரண்டாவது வரி நெகட்டிவ்தானே?" என்றார் டாக்டர். "நல்லது. பழைய ஞாபகம் இருக்கிறது, புதுத் தொற்று இல்லை. சின்ன வயசிலேயே உங்களுக்கு வந்து போய்விட்டது. நிம்மதியாகச் சாப்பிடுங்க."

யாருக்கும் உடனே புரியவில்லை. காக்குதான் முதலில் கணக்குப் போட்டு, "அப்படியென்றால் பாசிட்டிவ்தான் நல்லதா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் எதிர் வீட்டுக்காரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். என் கணவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் காக்குவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், எதற்கென்று தெரியாமல்.

காக்கு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் முன்னால்தானே இவள்மேல் பழி போட்டேன். "நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க அடிக்கலைன்னு அத்தனை தடவை சொன்னீங்க, நான் கேக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஜானே தோக்கா, விடுங்க. என் புள்ளைக்காக ஒருத்தங்க சண்டைக்கி வந்தாங்கன்னு அன்னிக்கி ராத்திரியே என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். கோவமும் வந்திச்சி, சந்தோசமாவும் இருந்திச்சி" என்றாள். பிறகு, "ஆனா நாலு நாளா கதவைத் தொறக்கல நீங்க. அதுக்குத்தான் அது உங்கமேல கட்டி" என்றாள். கட்டி என்றால் கா. பேச்சு கிடையாது என்று அர்த்தம். ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரியோடு போய்ச் சமாதானம் பேசினேன். குட்டி ஒரு பழத்தை முழுசாகத் தின்றாள், அடுத்ததையும் முழுசாகத் தின்றாள், எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. டப்பா காலியானதும் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்பா அந்த டிரில் வாத்தியாரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ரிட்டயராகி வடவள்ளியில் மகன் வீட்டில் இருந்தாராம். ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் அப்பாவை உடனே அடையாளம் கண்டுகொண்டாராம். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேனுங்களே" என்றாராம். அவ்வளவுதான். இப்போது இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தடவை போனில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

டாக்டர் வழக்கமான ஸ்கேன்கள் எல்லாம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எதிர் வீட்டுக்காரி ஸ்கூட்டரில்தான் கூட்டிப்போவேன் என்று நின்றாள், நாங்கள் ஆட்டோவில் தப்பித்துப் போனோம். எல்லாம் நன்றாகவே இருந்தது. செப்டம்பரில், பிள்ளையார் ஊர்வல மேளச் சத்தத்துக்கு நடுவே, மகள் பிறந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று குட்டிக்கு மறுபடியும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அம்மா எங்கள் வாசலுக்கு வெளியே சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டினால் பின்னாடி ஒன்று வைப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரம் குட்டி அந்தக் கோட்டின் மேல் நுனிக்காலில் நின்றபடி, கூடத்தில் தொட்டிலில் கிடந்தவளைப் பார்த்து நர்சரிப் பாட்டு அத்தனையும் உரத்த குரலில் பாடினாள். என் மகள் ஒவ்வொன்றுக்கும் வீறிட்டு அழுதாள். குட்டி அதைக் கைதட்டல் என்றே எடுத்துக்கொண்டாள்.